நெடுஞ்சாலையும் உயிர் எனும் அமானிதமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மார்க்கம் பேச நான் ஆலிம் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே பேருந்து ஓட்டியவன். ஆகவே நம் ஊரை ஒட்டிச் செல்லும் அந்தச் சாலையைப் பற்றியே பேசுகிறேன்.

விபத்தில் இறந்த இளைஞர் ஒருவரை அடக்கிவிட்டுத் திரும்பும்போது, "அவருடைய ஹயாத் அவ்வளவுதான்" என்று சொல்லிக் கலைகிறோம். ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹ்வின் கையில் உள்ளன என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு, அவர் எவ்வாறு இறந்தார் என்ற கேள்வியையும் சேர்த்தே அடக்கம் செய்துவிடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்கலாமா என வினவியவரிடம், முதலில் கட்டும்படியும் பிறகு நம்பிக்கை வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. தலைக்கவசத்தின் வாரை மாட்டுவதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தேசிய நெடுஞ்சாலைகள் நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான். இறப்புகளிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் நிகழ்ந்தன.

நெடுஞ்சாலை என்றதும் தொலைதூரப் பயணமே நம் நினைவுக்கு வருகிறது. நான் ஓட்டுநர் இருக்கையிலிருந்து கண்டது வேறு. தொலைதூரம் செல்பவர் ஓரளவு ஆயத்தமாகவே வருகிறார். "இங்கேதானே" என்று கிளம்புகிறவர்தான் ஆபத்தில் சிக்குகிறார். தேநீர்க் கடைக்கு, பெட்ரோல் பங்குக்கு, எதிர்ப்புற வயலுக்கு! நான்கு வழிச்சாலை வந்தபின், சாலையின் மறுபுறம் திரும்புவதற்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியுள்ளது. அந்தச் சுற்றுக்கு அஞ்சி, எதிர்த்திசையில் ஓரமாகவே வண்டியை விடுகிறார்கள். நம் தெருமுனையிலும் நாள்தோறும் இதைக் காணலாம்.

ஓர் இரவு, உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். சாலையோரத்தில் பின்விளக்கு எரியாத லாரி ஒன்று நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு, எதிர்த்திசையில் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று திடீரென என் முன்னே வந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு வினாடியில் 22 மீட்டர் நகர்கிறது. கண்டு, பிரேக்கை மிதித்து, முழுதாக நிறுத்துவதற்கு எழுபது மீட்டராவது வேண்டும். தாழ்த்திய முகப்பு விளக்கு எனக்குக் காட்டியதோ ஐம்பது மீட்டர்தான். எதிரே வருபவரின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வண்டியை ஓட்டியவர் பிழைத்தார். பின்னால் அமர்ந்திருந்த அவருடைய தம்பி பிழைக்கவில்லை. அவர் தலையில் கவசம் இல்லை. என்மீது பிழையில்லை என்றே விசாரணையில் முடிவாயிற்று. இருப்பினும் அந்தத் தாய் காவல் நிலையத்து வாசலில் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

தரமான தலைக்கவசம் இறப்பின் வாய்ப்பைச் சுமார் நாற்பது விழுக்காடு குறைக்கிறது என உலக சுகாதார நிறுவனம் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறது. நம்மிடையே அதற்கு இரண்டு தடைகள். தொப்பி அணிந்த தலையில் கவசம் எப்படி என்பது ஒன்று. தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து பள்ளிவாசலில் அணியலாமே! பள்ளிக்கு வந்தால் அதை எங்கே வைப்பது என்பது மற்றொன்று. இது நியாயமான கேள்வி, இதற்கு நானே பிறகு வருகிறேன்.

பெண்களைப் பின்னால் அமர்த்திச் செல்வோருக்கும் ஒரு சொல். புர்காவின் ஓரமோ துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சிக்கினால் நொடியில் இழுத்துவிடும். புறப்படும் முன் இறங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். சேலைக் காப்பு எனும் கம்பி வலையை அழகு கெடுகிறதென்று கழற்றிவிடாதீர்கள்.

ரமலான் இரவுகளில், தராவீஹ் முடிந்து ஸஹர் வரை நம் பிள்ளைகள் மூவர் மூவராக நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்வதைப் பெற்றோர் அறிவார்கள். அறிந்தும் சாவியைத் தருகிறார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஆனால் சிறையைக் காட்டித்தான் பெற்ற பிள்ளையைக் காக்கச் சொல்ல வேண்டுமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அடிபட்டவரைக் கண்டால் வழக்கு வருமென்று அஞ்சி விலகிச் செல்லாதீர்கள். உதவுவோருக்கான பாதுகாப்பு விதிகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது. 2019இல் அது சட்டத்திலும் இடம்பெற்றது. பெயரைச் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த இயலாது. 108க்கு அழையுங்கள். விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. எனவே பணத்தைப் பற்றி எண்ணி நேரத்தை இழக்க வேண்டாம்.

இனி நான் சொன்ன அந்த நியாயமான கேள்வி. ஒளுச் செய்யும் இடத்திற்கு அருகே, செருப்பு அடுக்கும் தட்டுக்கு மேலே, சுவர் காலியாக உள்ளது. நாற்பது ஐம்பது தலைக்கவசங்கள் வைக்குமளவு இரும்புத் தட்டு ஒன்று அங்கே அமைத்துத் தருமாறு நிர்வாகக் குழுவை வேண்டுகிறேன். செலவில் பாதியை நான் ஏற்கிறேன். மீதியை இங்கு அமர்ந்திருக்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் பகிர்ந்துகொள்ளட்டும்.