ஏடும் நாடாவும் தகடும்



சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, தம் கைக்கு வந்த ஏடுகளின் சிதைவைப் பதிப்புரையில் எழுதி வருந்தினார். தொட்டாலே ஒடியும் நிலையில் அவை இருந்தன. பழைய ஒலிப்பேழையை இன்று கையில் எடுப்போரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்திருக்கும்; நாடாவும் அதன் முன்னொட்டும் இணையும் இடம் விட்டுப்போயிருக்கும். முதன்முறை ஓடவிடுவதே கடைசி முறையாகவும் முடியலாம்.

ஏடு பெயர்த்தெழுதுதல் தமிழ்ப் புலமையின் ஒரு துறையாகவே விளங்கிற்று. எழுதுவோன் நூலை அறிந்தவனாக இருத்தல் வேண்டும். அறியாதவன் கையில் பாடம் வேறாகிவிடும். ஒலிப்பேழையில் உள்ள நூலைச் சிடி-ஆர் எனப்படும் எழுதத்தக்க குறுந்தகட்டிற்கு மாற்றுவதும் பெயர்த்தெழுதுதலே. ஆயினும் அப்பணி பல இடங்களில் கருவியின் வேலையாகக் கருதப்பட்டு, நூலை அறியாதார் கையில் விடப்பட்டது. அதனால் நேர்ந்த இழப்பே இவ்வுரையின் பொருள்.

ஒலிநூல் பொழுதுபோக்கிற்காகத் தோன்றியதன்று. 1877-இல் ஒலிவரைவியைக் கண்ட எடிசன், மறு ஆண்டு எழுதிய கட்டுரையில் அதன் பயன்களை அடுக்கியபோது, பார்வையற்றோர்க்கான பேசும் நூல்களை முன்வரிசையில் வைத்தார். முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர் பலர்க்கு வளர்ந்த வயதில் விரல்நுனியால் பிரெயில் பயில்வது அரிதாயிற்று. அவர்தம் தேவையினின்றும் பிரித்தானியாவில் 1935-இல் பேசும் நூல் சேவை பிறந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கம் 25 நிமிட அளவே ஓடியமையால், ஒரு நாவல் தட்டுக் கட்டாகவே வாசகர் வீடு சென்றது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிப்பேழை அச்சுமையைச் சட்டைப்பைக்குள் அடக்கியது.

தமிழகத்திலும் பார்வையற்ற மாணவர்க்காகத் தன்னார்வலர் பாடநூல்களை ஒலிப்பேழையில் வாசித்துக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. தேர்வு நெருங்குங்கால் அப்பேழைகள் கைமாறிக் கைமாறி ஓடின. படியெடுக்காத பேழையில் உள்ளது ஒற்றைப் பதிவு. அது போனால் அந்த வாசிப்பே போயிற்று. கவியரங்கங்களில் கவிஞர் தம் குரலில் படித்துப் பதிவான பேழைகளின் நிலையும் இதுவே. நூல் அச்சில் இருக்கலாம். எந்தச் சீரில் கவிஞர் நின்றார், எவ்விடத்தில் குரலைத் தாழ்த்தினார் என்பது நாடாவில் மட்டுமே உண்டு.

மாற்றும் பணியில் முதலில் வேண்டுவது பொறுமை. 12 மணி நேர வாசிப்பை மாற்ற 12 மணி நேரம் ஆகும்; விரைவாக ஓட்டிப் படியெடுத்தால் ஒலி குன்றும். அடுத்து வேண்டுவது செவி. நாடாவைத் தொடும் தலை மயிரிழை சாய்ந்திருந்தாலும் மேல்சுரங்கள் மங்கிக் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். பதிந்த கருவியின் தலை எவ்வாறு சாய்ந்திருந்ததோ அவ்வாறே ஒலிக்கும் கருவியின் தலையும் சாய்தல் வேண்டும். தலையருகே உள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பிச் சொல் தெளியும் இடத்தில் நிறுத்துதல் கைவந்தவர் செயல். பெரும்பாலோர் இதனைச் செய்யாமலே மாற்றினர். மங்கலைப் பழமையின் குற்றமென்று தள்ளினர்.

இரைச்சல் நீக்குதல் இன்னும் நுட்பமானது. நாடாவின் உஸ்ஸென்னும் ஒலியும் 'செய்யுள்' என்னும் சொல்லின் முதலொலியும் அலைவரிசையில் அண்டை வீட்டார். ஒன்றைத் துரத்தினால் மற்றொன்றும் உடன் போகும். கணிப்பொறியில் இரைச்சலை முற்றத் துடைத்த பதிவுகளில் வாசிப்பவரின் மூச்சும் போய்விடுகிறது. அதன் பின் அக்குரல் மனிதக் குரலாகவே தோன்றுவதில்லை. சில ஒலிநூல்களில் பக்கத்திற்கும் இயலுக்கும் அடையாளமாகத் தாழ்ந்த ஒலிக்குறி பதிந்திருப்பர். இயல்பாகக் கேட்கையில் அது மெல்லிய முரலாகவே இருக்கும். நாடாவை விரைந்து சுற்றுகையில் கீச்சென்று கேட்கும். மின்னோட்ட முரலென்று எண்ணி அதனை வடிகட்டினால் பக்கவெண்ணை அழித்ததற்கு ஒப்பாகும்.

எல்லாவற்றினும் வெட்டுமிடமே பெருஞ்சிக்கல். 90 நிமிடப் பேழை, 74 அல்லது 80 நிமிடம் மட்டுமே கொள்ளும் தகட்டில் அடங்காது. எங்கேனும் அறுத்தாக வேண்டும். அறியாதார் நிமிடக் கணக்குப் பார்த்து அறுத்தனர். அன்றியும், ஒவ்வொரு தடமாகத் தகட்டில் எழுதும் முறையில் தடங்களுக்கிடையே 2 நொடி வெறுமை தானே விழும். 'மரக்' என்பது ஒரு தடத்திலும் 'கிளை' என்பது அடுத்ததிலும் நின்றால், நன்னூலார்க்கும் விதி சொல்லத் தெரியாது! தட்டு முழுவதையும் ஒருசேர எழுதும் முறையில் இவ்வெறுமை இல்லை. எனினும் தடம் தொடங்குமிடத்தைக் குறிப்பவர் நூலைப் படித்தவராக இருந்தாலன்றிப் பயனில்லை. இயல் முடிவறிந்து, பத்தி முடிவறிந்து அறுக்க வேண்டும். தட்டில் 10 நிமிடம் வீணானாலும் குற்றமில்லை.

இவ்விடத்தில் ஒன்றை நடுவுநிலையோடு சொல்லவேண்டும். பார்வையற்ற வாசகர்க்குத் தகடு எல்லா வகையிலும் முன்னேற்றமாக அமையவில்லை. பேழையை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே அது நிற்கும். வீட்டுக் கருவியிலிருந்து எடுத்து விடுதிக் கருவியில் இட்டாலும் அதே சொல்லிலிருந்து தொடரும். தகடோ வெளியே எடுத்து மீண்டும் இட்டால் பெரும்பாலும் முதலுக்கே திரும்பிவிடும். ஒன்பது பத்துத் தகடுகளாகப் பிரிந்த நாவலில், எந்தத் தகடு, எந்தத் தடம், எத்தனையாவது நிமிடம் என்று மாணவர் மனத்தில் சுமக்க நேர்ந்தது. சுருக்கிய எம்பி3 வடிவில் முழு நாவலும் ஒரே தகட்டில் அடங்கிற்று. ஆனால் பழைய குறுந்தகட்டுக் கருவிகளுக்கு அதனைப் படிக்கத் தெரியாது. இக்குறையை உணர்ந்தவர்களே தலைப்புதோறும் தாவவும் விட்ட இடத்தைக் குறிக்கவும் வகைசெய்யும் டெய்சி என்னும் வடிவத்தை உருவாக்கினர். அதற்கான கூட்டமைப்பு 1996-இல் அமைந்தது. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் பார்வையற்றோர் சேவையோ, நாற்றடப் பேழையிலிருந்து குறுந்தகட்டிற்குச் செல்லாமலே, 2009-இல் நினைவகப் பேழைக்குத் தாவியது. அரை வேகத்தில் நான்கு தடமாகப் பதிந்த அப்பழைய பேழைகள் பொதுக் கருவியில் இட்டால் பொருளற்ற கீச்சொலியே தரும். அவற்றை மாற்ற அவற்றுக்குரிய கருவியையே தேடவேண்டும்.

தகட்டின் ஆயுளைப் பற்றியும் மிகையான நம்பிக்கை நிலவியது. எழுதத்தக்க தகட்டில் ஒலி தங்குவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் அச்சாயத்தைக் கெடுக்கும். எதிரொளிக்கும் படலமோ பெயர் எழுதும் மேற்பக்கத்தில், மெல்லிய பூச்சின் கீழேயே உள்ளது; அங்கு விழும் கீறல் அடிப்பக்கக் கீறலினும் கொடியது. பிரெயில் சீட்டைத் தகட்டின் மேலேயே ஒட்டினால் சுழற்சி தடுமாறும். உறையில் ஒட்டுவதே முறை. நாடா கெட்டால் அவ்விடத்துச் சில சொற்கள் போகும், மற்றவை கேட்கும். தகட்டின் தொடக்கம் கெட்டாலோ கருவி அதனை ஏற்கவே மறுக்கும். மாற்றியாயிற்று என்று மூலப் பேழைகளை எறிந்தவர் செய்தது பெரும்பிழை. ஏட்டை அச்சிட்ட பின் ஏட்டை அடுப்பிலிட்டதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. இன்று மடிக்கணினிகளில் தகடு செருகும் வாயே அருகிவிட்ட நிலையில், அத்தகடுகளும் மறுபெயர்ப்புக்குக் காத்திருக்கின்றன. பேழை எஞ்சியிருப்பின், தகட்டிலிருந்தன்று, பேழையிலிருந்தே மீண்டும் தொடங்குவது நன்று.

இறுதியாக ஒரு சிறு ஐயம். ஒலிநூல்களில் 45 நிமிட முடிவில், இத்துடன் இப்பக்கம் முடிவுற்றது, பேழையைத் திருப்பிப் போடுக என்று வாசிப்பவர் சொல்வதுண்டு. தகட்டில் திருப்புவதற்குப் பக்கமில்லை. ஆதலின் அவ்வறிவிப்பை வெட்டினோர் பலர். பல வாசிப்புகளில் வாசிப்பவர் நூலாசிரியரின் சொல்லை விட்டுத் தம் சொல்லில் பேசும் இடம் அது ஒன்றே. ஏடெழுதியோர் இறுதியில் பிழை பொறுக்குமாறு வேண்டி எழுதிய குறிப்புகளைப் பதிப்பாசிரியர் பலர் விடாது அச்சிட்டனர். அவ்வழியில், கேட்போர்க்கு இடையூறாகாதவாறு அவ்வறிவிப்பைத் தனித் தடமாக்கி, நூலின் முடிவிலேனும் வைத்துவிடலாம். தகட்டோடு வைக்கும் தாளில் வாசித்தவர் பெயரையும், பதிந்த ஆண்டையும், அறுத்த இடங்களையும் எழுதிவிடலாம்.