கையில் உள்ள கருவி



கோலார் தங்கவயலுக்குப் புதிய கருவிகள் புதிதல்ல. 1902-ஆம் ஆண்டிலேயே இங்கே மின்சாரம் வந்துவிட்டது. சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகிறது. அந்தத் தண்ணீரின் வேகத்தில் மின்சாரம் எடுத்தார்கள். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் கம்பி இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள். எதற்காக? சுரங்கத்தின் இயந்திரங்கள் ஓடுவதற்காக. தங்கவயலுக்கு மின்சாரம் முதலில் வேலைக் கருவியாகத்தான் வந்தது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பலர் விடியற்காலையில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஊரிலேயே பிழைக்க வழி தேடினார்கள். இட்லிக் கடை போட்டார்கள். காய்கறி வண்டி தள்ளினார்கள். தையல் இயந்திரம் வாங்கினார்கள்.

இன்று அவர்கள் பலரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் மட்டுமா அது? இல்லை. அதுவும் ஒரு வேலைக் கருவிதான்.

கேரளத்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 1997 ஜனவரி 14. வடகரைக் கடற்கரையில் படகுகள் மீனோடு நின்றன. வாங்க ஆள் இல்லை. 11 மீனவர்கள் மீனைக் கொட்டிவிட்டுப் போகும் நிலை. ஆனால் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் காத்து நின்றார்கள். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டில் அந்தப் பக்கம் கைப்பேசி வரத் தொடங்கியது. கடலில் இருந்தபடியே மீனவர்கள் பேசினார்கள். எந்தக் கரையில் நல்ல விலை என்று கேட்டார்கள். அங்கே படகைத் திருப்பினார்கள். மீனைக் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. வாங்குபவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து 2007-இல் எழுதினார்.

அது பேச மட்டும் உதவிய சாதாரணக் கைப்பேசி. இன்று கையில் இருப்பது அதைவிடப் பெரிய கருவி. கோலார் தக்காளிச் சந்தைக்குப் போகும் வண்டிக்காரர் முதலில் போனில் விலை கேட்கலாம். பிறகு வண்டி எடுக்கலாம். தையல்காரர் தைத்த ரவிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். வாடிக்கையாளர் பார்த்துவிட்டுச் சொல்வார்.

இனி, இட்லி விற்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை. ரயிலுக்கு ஓடுகிறவர்களிடம் சில்லறை இருக்காது. அவர்கள் கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்கிறார்கள். பணம் அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இதற்கு யு.பி.ஐ. என்று பெயர். 2016-இல் இது நம் நாட்டில் வந்தது.

ஒருநாள் அம்மாவுக்குப் போன் வருகிறது.

"ராணுவ முகாமிலிருந்து பேசுறேன்மா. நாளைக்கு 200 இட்லி வேணும். பணத்தை இப்பவே அனுப்பிடுறேன். உங்க வாட்ஸ்அப்புல ஒரு கோடு வரும். அதை ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க. பணம் உங்க கணக்குல ஏறிடும்."

200 இட்லி! அம்மாவுக்கு மகிழ்ச்சி. கணக்கில் இருந்தது 4,000 ரூபாய். அரிசிக்கும் உளுந்துக்கும் வைத்திருந்த பணம். அவர் ஸ்கேன் செய்தார். ரகசிய எண் கேட்டது. விரல் எண்ணுக்குப் போனது.

அப்போது திரையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "செ... லுத்... து. செலுத்து."

"ஏம்பா, பணம் எனக்குத்தானே வரணும்? இதுல செலுத்துன்னு போட்டிருக்கே?"

"படிக்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. சீக்கிரம் எண்ணைப் போடுங்க!"

அம்மா போனை வைத்துவிட்டார். ஒரு சொல்லைப் படித்தார். 4,000 ரூபாய் தப்பியது.

அந்த ஆள் ராணுவ வீரர் அல்ல. ஏமாற்றுக்காரர். இப்படி ஏமாந்தவர்கள் நாடு முழுவதும் உண்டு. ஆகவே ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க ரகசிய எண் வேண்டாம். ஸ்கேன் செய்யவும் வேண்டாம்.

வாடிக்கையாளர் தன் போனைக் காட்டி, "பணம் போட்டாச்சு அக்கா" என்றால் உடனே நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் பணம் ஏறியதா என்று உங்கள் போனில் பாருங்கள். அவசரக் கடன் தருவதாகச் சொல்லும் தெரியாத செயலிகளைத் தொடாதீர்கள். அவை போனில் உள்ள பெயர்களையும் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நேரம் போகப் போகப் பணத்தைப் பிடிப்பது கடினம்.

இன்னொன்றும் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு வியாபாரிகள் பலருக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. யு.பி.ஐ. வழியாக வந்த பணத்தைப் பார்த்துக் கணக்குக் கேட்டது. பயந்துபோன சிலர் கியூ.ஆர். அட்டையைக் கிழித்தார்கள். "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள்.

பயப்படும் முன் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சேவைத் தொழில் என்றால் 20 லட்சம். அம்மாவின் விற்பனை நாளைக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 365 நாளும் விற்றாலும் 7,30,000 ரூபாய்தான்.

ஆனால் மகன் அனுப்பும் பணமும் அதே கணக்கில் வரும். சீட்டுப் பணமும் வரும். எல்லாம் சேர்ந்தால் விற்பனை அதிகம் போலத் தெரியும். யாராவது கேட்டால் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு என்ன வழி? ஒரு நோட்டுப் புத்தகம்.

தினமும் இரவு நான்கு வரி எழுதினால் போதும். இன்று விற்றது எவ்வளவு? ரொக்கம் எவ்வளவு, போனில் வந்தது எவ்வளவு? செலவு எவ்வளவு? வேறு வகையில் வந்த பணம் எவ்வளவு? கடன் கேட்டு வங்கிக்குப் போனாலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

சுரங்க நாளில் கருவிகள் கம்பெனிக்குச் சொந்தம். இந்தக் கருவி உங்களுக்குச் சொந்தம். ஆனால் படிக்காமல் தொட்டால் அது பிறர் கைக்குப் போய்விடும். போனில் தமிழை வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல் வந்தாலும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். புரியவில்லையா? பக்கத்தில் நம்பிக்கையானவரைக் கேளுங்கள். பிறகு விரல் வையுங்கள்.

ஒரு காலத்தில் கைநாட்டு வைத்த விரல் அது. இனி அது படித்துப் பார்த்த பிறகே திரையைத் தொடட்டும்.