நிழலின் நடுவே ஒளி



கதவிடுக்கின் வழியே இருட்டறையுள் புகும் கதிரொளி நேர்கோடாகவே விழுகின்றது. அவ்விடுக்கை மேலும் மேலும் ஒடுக்கினால் என்ன நேரும்? ஒளிக்கீற்றும் ஒடுங்கும் என்றே எவரும் விடையிறுப்பர். ஓர் எல்லைவரை அவ்விடை சரியே. அதற்கப்பால், இடுக்கை ஒடுக்க ஒடுக்க ஒளி விரிகின்றது!

இலேசர் எனப்படும் சிவப்புச் சீரொளியை, கண்ணிற் படாவண்ணம், 0.1 மில்லிமீட்டர் அகலப் பிளவினுட் செலுத்தி, 2 மீட்டர் தொலைவில் திரையிட்டுக் காண்க. நடுவே ஏறத்தாழ இரண்டரைச் செண்டிமீட்டர் அகல ஒளிப்பட்டை தோன்றும். அதன் இருமருங்கும் இருளும் மங்கிய ஒளியும் மாறிமாறி வரும். பிளவைப் பாதியாக்கின் நடுப்பட்டை இருமடங்காகும்.

துகள்கள் நேரே பாய்வனவாயின் இவ்வாறு நிகழாது. ஒளி அலையாகப் பரவுகின்றது. பிளவின் ஒவ்வொரு புள்ளியும் சிற்றலைகளை எழுப்பும். முகடும் முகடும் கூடின் ஒளி. முகடும் அகடும் கூடின் இருள். பிளவின் ஈர் ஓரங்களிலிருந்தும் வரும் வழித்தொலைவுகள் ஓர் அலைநீளம் வேறுபடும் சாய்வில், மேற்பாதி அலைகளைக் கீழ்ப்பாதி அலைகள் அழித்துவிடுகின்றன. பிளவு ஒடுங்கின் அவ்வேறுபாட்டிற்கு மிகுந்த சாய்வு வேண்டும். எனவே இருள் விலகிப்போக, நடுவொளி விரிகின்றது.

நிழலோரத்தில் ஒளி இவ்வாறு பரவுவதை முதலிற் கண்டெழுதியவர் இத்தாலியத் துறவி கிரிமால்டி. அவர் மறைந்து ஈராண்டு கழிந்து, 1665-இல் அந்நூல் வெளிவந்தது. ஒளி அலையே என்று ஆலந்து நாட்டு இயூகென்சு 1690-இல் எழுதினார். ஆயினும் ஒளி துகளே என்ற நியூட்டனின் கருத்து நூறாண்டுக்கு மேல் கோலோச்சிற்று. பெரியோர் பெயரே சான்றாகிவிட்ட கேடு அது!

அதனை உடைத்தவர் பிரெனெல் என்னும் பிரஞ்சு நாட்டுச் சாலைப் பொறியாளர். நெப்போலியன் மீண்டு வந்ததை எதிர்த்தமையால் 1815-இல் பணியிழந்தவர். உயர்ந்த கருவிகள் அவரிடமில்லை. ஒரு தேன்துளியே அவர்க்கு ஆடிவில்லையாயிற்று!

பிரஞ்சு அறிவியற் கழகம் இப்பொருள் குறித்துப் பரிசு அறிவித்தபோது, பிரெனெல் 1818-இல் தம் ஆய்வுரையை விடுத்தார். நடுவர் ஐவருள் இலாப்பிலாசு, பியோ, புவாசோன் மூவரும் துகட்கொள்கையினர். புவாசோன் கணக்கிற் புலி. பிரெனெலின் கணக்கையே தொடர்ந்து சென்று ஒரு முடிவை எடுத்துக்காட்டினார். வட்டத்தகட்டின் விளிம்பெங்குமிருந்து வளைந்து வரும் அலைகள் நிழலின் நடுப்புள்ளியை ஒரே தொலைவு கடந்து அடையும், அடைந்து ஒன்றுகூடும், ஆகவே நிழலின் நட்டநடுவே ஒளி தோன்றியாகல் வேண்டும்! இஃது ஒவ்வாதது, ஆதலின் கொள்கையே பிழை என்பது அவர் துணிபு.

நடுவருள் ஒருவரான அராகோ சொற்போரில் இறங்கவில்லை. 2 மில்லிமீட்டர் அளவுள்ள மாழைத்தகட்டை மெழுகினால் கண்ணாடியில் ஒட்டி, அதன் நிழலை நோக்கினார். நடுவே ஒளிப்பொட்டு மின்னியது!

1819-இல் பரிசு பிரெனெலுக்கே வழங்கப்பெற்றது. அவ்வொளிப்பொட்டோ, அதனைக் காட்டி மறுக்க முயன்ற புவாசோனின் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது.