விதியா? சதியா?
ஒரு அரண்மனை வேலைக்காரர் கதை



ஸ்காட்லாந்து தேசத்தில், எடின்பரோ நகரத்து ஹோலிரூட் அரண்மனையில், 1566ம் வருஷம் மார்ச்சு மாதம் 9ந் தேதி சனிக்கிழமை இரவு, வாயிற்காவலன் இருக்குமிடத்தில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஒரு பிணம் கிடந்தது. உடம்பில் 50க்கு மேற்பட்ட குத்துக் காயங்கள். காவலனுடைய கையாள் ஒருவர் அந்தப் பிணத்தின் மேலிருந்த உடைகளை உரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாராம். “இவன் இந்த அரண்மனைக்கு வந்த புதிதில் படுத்ததும் இந்தப் பெட்டியின் மேல்தான், இப்போது கிடப்பதும் இதன் மேல்தான், எல்லாம் இவன் தலையெழுத்து” என்பது அவர் சொன்னதன் கருத்து.

அந்தத் தலையெழுத்தை எழுதியவர்கள் யார் என்பதைப் பற்றித்தான் நாம் இன்று பேச எடுத்துக்கொண்டோம். வழக்கமாக இந்தக் கேள்விக்கு வானத்தைக் காட்டுவார்கள். ஆனால் இந்த விஷயத்தில் எழுதியவர்கள் தங்கள் கையெழுத்தையும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் வாசகமும் கிடைத்திருக்கின்றது.

செத்தவர் பெயர் டேவிட் ரிஸ்ஸியோ. இத்தாலியில் டியூரின் நகரத்துப் பக்கம் பிறந்தவர். தகப்பனார் சங்கீதம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர் என்பார்கள். 1561ல் சவாய் பிரபுவின் தூதர் ஸ்காட்லாந்துக்கு வந்தபோது அவருடைய பரிவாரத்தில் ஒருவராய் இவரும் வந்தார். அப்போது அங்கே ஆண்டது மேரி ராணி. பிரஞ்சு அரசனை மணந்து, அவன் செத்துப்போய், 18 வயதில் விதவையாய்த் தாய்நாடு திரும்பியவர். ராணியின் அந்தரங்க வேலைக்காரர்களில் மூன்று பேர் சேர்ந்து பாடுவார்கள். கீழ்ஸ்தாயியில் பாட நாலாவது ஆள் இல்லை. டேவிட்டுக்கு அந்தக் குரல் இருந்தது. பெட்டியின் மேல் படுத்துக் கிடந்தவருக்கு அதனால் உத்தியோகம் கிடைத்தது.

அந்தரங்க வேலைக்காரர் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ராணியின் அறை வாசலில் காத்திருப்பது, ஏவின வேலையைச் செய்வது, பாடச் சொன்னால் பாடுவது, போ என்றால் போவது. அவருக்கு நிலம் கிடையாது. அந்த ஊரில் உறவினர் கூட்டம் கிடையாது. சண்டை என்று வந்தால் பின்னால் நிற்கப் பத்துப் பேர் கிடையாது. ஒரு மனுஷியின் தயவுதான் அவருக்கு வீடு, வாசல், சொத்து, சட்டம் எல்லாம்.

டேவிட் கெட்டிக்காரர். 1564ம் வருஷக் கடைசியில் ராணியின் பிரஞ்சுக் கடிதங்களை எழுதும் காரியதரிசி ஆனார். அதோடு பிரபுக்களுக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பமாயிற்று. ராணியிடம் பேசப் போனால் அங்கே இவர் நிற்கிறார். அந்த அரண்மனையில் இருந்த மெல்வில் என்பவர் இதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். சில பிரபுக்கள் டேவிட்டைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்களாம். உள்ளே நுழையும்போது தோளால் இடித்துத் தள்ளுவார்களாம். வேறு சிலர் தங்கள் காரியம் முடிவதற்காக அவருக்கு வெகுமதி கொடுப்பார்களாம். வெகுமதியை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. பட்டும் வெல்வெட்டுமாய் உடுத்தினார். நாம் அவரை மகான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே வெகுமதியைப் பிரபுக்கள் பரம்பரை பரம்பரையாய் வாங்கியபோது அதற்குப் பெயர் மரியாதை. பாட்டுக்காரர் மகன் வாங்கினால் அகம்பாவம்!

இனிச் சதிக்கு வருவோம். 1565 ஜூலையில் ராணி டார்ன்லி என்ற இளைஞனை மணந்தார். அதை எதிர்த்துக் கலகம் செய்த மரே பிரபுவும் கூட்டாளிகளும் தோற்று இங்கிலாந்துக்கு ஓடினார்கள். அவர்கள் நிலங்களைப் பறிமுதல் செய்யப் பார்லிமெண்டு கூடியது. தீர்மானத்துக்குக் குறித்த நாள் 1566 மார்ச்சு 12. அந்தத் தேதியைத் தோழர்கள் மறக்கக் கூடாது. கொலை நடந்ததோ மார்ச்சு 9. டார்ன்லிக்கோ, தனக்கு முழு ராஜ அதிகாரம் கொடுக்கவில்லையே என்ற கோபம். ஆகவே பேரம் படிந்தது. பிரபுக்கள் அவனுக்குக் கிரீடம் வாங்கித் தருவது. அவன் பிரபுக்களுக்கு மன்னிப்பும் நிலமும் தருவது. மார்ச்சு மாத ஆரம்பத்தில் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். நாம் சொன்ன தலையெழுத்து இதுதான்!

வெளியில் சொன்ன காரணங்கள் வேறு. அந்நியன், கீழ்ப்பிறவி, போப்பாண்டவரின் ஆள் என்றெல்லாம் சொன்னார்கள். நிலத்தைக் காப்பாற்றக் கொலை செய்கிறோம் என்று எந்தப் பிரபு வாய்திறந்து சொல்வார்? ஜான் நாக்ஸ் என்ற பெரிய மதபோதகர், தாம் எழுதிய சரித்திரத்தில் இந்தக் கொலையை நியாயமென்றே புகழ்ந்திருக்கிறார்.

அன்றிரவு ராணி தம் படுக்கையறையை அடுத்த ஒரு சின்னஞ்சிறு அறையில் சிலரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. டார்ன்லி இரகசியப் படிவழியாக முதலில் வந்தான். பின்னாலேயே, நோயாய்க் கிடந்த ரூத்வென் பிரபு கவசம் அணிந்து எழுந்து வந்து, டேவிட்டை வெளியே அனுப்பும்படி கேட்டார். டேவிட் அப்போது தலையில் குல்லாயோடு இருந்தாராம். அதையும் கவனித்து ஒரு குற்றமாக எழுதி வைத்திருக்கிறார்கள்! டேவிட் ராணியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதறினார். விரல்களைப் பிரித்து இழுத்துப் போனார்கள். டார்ன்லி தன் மனைவியைப் பிடித்துக்கொண்டான். வெளி அறையில் ஆளுக்கொரு குத்தாகக் குத்தினார்கள். டார்ன்லியின் சொந்தக் கத்தியைப் பிணத்திலேயே விட்டுப் போனார்கள். அவன் பிறகு தப்பிக்கக் கூடாதல்லவா!

ஜோசியக்காரர்கள் இதிலும் பங்குக்கு வந்துவிட்டார்கள். டாமியோ என்ற பிரஞ்சுக்காரர், ‘முறை தவறிப் பிறந்தவனிடம் ஜாக்கிரதை’ என்று டேவிட்டை முன்பே எச்சரித்ததாகப் பழைய சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். டேவிட் அது மரே பிரபு என்று நினைத்து, அவர்தான் தேசத்தில் இல்லையே என்று சும்மா இருந்தாராம். முதல் குத்துக் குத்திய ஜார்ஜ் டக்ளஸும் அப்படிப் பிறந்தவர் என்று தெரிந்தவுடனே, ஜோசியம் பலித்தது என்றார்கள். அந்த அரண்மனையில் அப்படிப் பிறந்தவர்களைத் தேடினால் கைக்கு நாலு பேர் அகப்படுவார்கள். செத்துப்போன அரசன் ஒருவனுக்கு மாத்திரமே பல பேர். யார் குத்தியிருந்தாலும் ஜோசியம் பலித்துத்தானே இருக்கும்?

இரத்தக்கறை வியாபாரமும் உண்டு. அந்த அறைத் தரையில் டேவிட்டின் இரத்தம் அழியாமல் இருப்பதாக வருகிறவர்களுக்கெல்லாம் நூற்றாண்டுக் கணக்காய்க் காட்டி வந்தார்கள். வால்டர் ஸ்காட் என்ற நாவலாசிரியர் 1828லேயே இதைக் கேலி செய்திருக்கிறார். கறைபோக்கும் மருந்து விற்கிற ஒருவன் குனிந்து அதைத் தேய்க்க ஆரம்பிக்க, அரண்மனைப் பெண்பிள்ளை ஐயோ, ஐயோ என்று கூச்சல் போட்டதாக எழுதினார். கறை போனால் பிழைப்புப் போயிற்றே!

பலன் என்ன ஆயிற்று? மறுநாளே மரே பிரபு ஊருக்குள் வந்துவிட்டார். 12ந் தேதிப் பறிமுதல் நடக்கவில்லை. டார்ன்லி கூட்டாளிகளைக் கைவிட்டு, தனக்கு ஒன்றுமே தெரியாதென்று பகிரங்க விளம்பரம் செய்துகொண்டான். பிரபுக்கள் இங்கிலாந்துக்கு ஓடினார்கள். ரூத்வென் அங்கே நோயால் செத்தார். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வருஷம் டிசம்பர் 24ந் தேதி மன்னிப்பு வந்தது. அரண்மனையை வளைத்து நின்ற மார்ட்டன் பிரபு, 1572ல் அந்தத் தேசத்தையே ஆளும் ரீஜண்டானார்.

அப்படியானால் ஒருவரும் தூக்கில் போடப்படவில்லையா என்று தோழர்கள் கேட்பீர்கள். போடப்பட்டார்கள். தாமஸ் ஸ்காட் என்றும் ஹென்றி யேர் என்றும் இரண்டு பேர். இருவரும் ரூத்வென் பிரபுவின் கீழ் வேலை பார்த்தவர்கள்.

டேவிட்டின் நாற்காலி அதிக நாள் காலியாய் இருக்கவில்லை. சில வாரங்களுக்குள் அவருடைய தம்பி ஜோசப் அதே காரியதரிசி வேலையில் அமர்த்தப்பட்டு, ராணிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.