தொழிற்சாலை அணி வென்ற கோப்பை

(பிரேசர் டவுன் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1977ஆம் ஆண்டில் முதலாவது பெடரேஷன் கோப்பைக் கால்பந்துப் போட்டி எர்ணாகுளத்தில் நடைபெற்றது. இறுதியாட்டத்தில் ஒருபுறம் கொல்கத்தாவின் மோகன் பகான். மறுபுறம் பெங்களூருவின் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, அதாவது ஐ.டி.ஐ. அணி. 1-0 என்ற கணக்கில் ஐ.டி.ஐ. வென்றது. தோற்ற அணி சாதாரணமானதன்று. பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு அதே ஆண்டில் 2-2 என்று சமன் செய்த அணி அது. ஐ.எப்.ஏ. கேடயம், டூரண்ட், ரோவர்ஸ் ஆகிய மூன்றையும் அவ்வாண்டே கைப்பற்றிய அணி.

இப்பகுதிக்குக் கால்பந்து புதிதன்று. கண்டோன்மென்ட்டின் வெள்ளைப் பட்டாளம் கொண்டுவந்த ஆட்டம் அது. பட்டாள அணிகளே ஆண்டுதோறும் தூக்கிச் சென்ற ரோவர்ஸ் கோப்பையை 1937இல் முதன்முதலில் வென்ற இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ்.

ஐ.டி.ஐ. 1948இல் தொடங்கப்பட்டது; சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனம். பிரேசர் டவுனை ஒட்டிய பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து கிருஷ்ணராஜபுரம் செல்லும் தடத்தில்தான் அந்தத் தூரவாணி நகர் இருக்கிறது. எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி. என வளர்ந்த ஆலைகள் கண்டோன்மென்ட் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு நிரந்தர வேலையைத் தந்தன. பந்து விளையாடத் தெரிந்த ஏழை வீட்டு இளைஞனுக்கு அது சம்பளம், மருத்துவம், ஓய்வுக்காலப் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் ஆயிற்று. ஆட்டத்தைக் கைவிட்டால்தான் அடுப்பெரியும் என்ற நிலை அவனுக்கு இல்லை.

சோவியத் ஒன்றியத்தில் இவ்வேற்பாடு இன்னும் விரிவானது. லோகோமோடிவ் ரயில்வேத் தொழிலாளரின் சங்கம். டார்பிடோ மாஸ்கோ மோட்டார் ஆலையினுடையது. ஷக்தார் டொனெட்ஸ்க் சுரங்கத் தொழிலாளரினுடையது. தோற்ற அணி வெளியேறும் முறையில் 1936இல் தொடங்கிய சோவியத் கோப்பையை முதலில் வென்றதும் லோகோமோடிவ்தான். இறுதியில் திபிலிசி டைனமோவை 2-0 என்று வீழ்த்தியது. முன்னணி வீரர்கள் பலர் ஏட்டில் மட்டுமே ஆலைத் தொழிலாளர் என்ற குறை அங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் கீழே, உண்மையாகவே வேலை செய்துவிட்டு ஆடிய ஆலை அணிகள் ஏராளமாக இருந்தன. அவற்றுக்கெனத் தனிக் கோப்பையும் இருந்தது.

பெங்களூருவின் மைதானத்தையும் ஆலை வாயிலையும் பிரித்துப் பார்க்க இயலாது. கோப்பை வந்த மூன்றாண்டுகளில், 1980 டிசம்பர் 26 அன்று, பி.எச்.இ.எல். தொழிலாளருக்கு நிகரான ஊதியம் கோரிப் பொதுத்துறைத் தொழிலாளர் சுமார் 1.25 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 77 நாட்கள் நீடித்தது. ஐ.டி.ஐ. தொழிலாளர் அதில் முன்னணியில் நின்றனர்.

பின்னர் வந்தது 1991. தொலைத்தொடர்புக் கருவிகளின் உற்பத்தி தனியாருக்கும் பன்னாட்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஐ.டி.ஐ.க்கு ஆர்டர்கள் குறைந்தன, ஆட்குறைப்பு தொடர்ந்தது. ஆளெடுப்பே இல்லாத ஆலையில் விளையாட்டு வீரருக்கு மட்டும் இடம் எங்கிருந்து வரும்? எல்லைப் பாதுகாப்புப் படை 1979இலும், கேரளப் போலீஸ் 1990, 1991இலும் பெடரேஷன் கோப்பையை வென்றன. அரசு வேலையில் இருந்தவர்களின் அணிகள் அவை.

பெங்களூருவுக்கு அக்கோப்பை மீண்டும் வந்தது 2015 ஜனவரியில், 38 ஆண்டுகள் கழித்து. வென்றது ஒரு தனியார் உருக்கு நிறுவனக் குழுமத்துக்குச் சொந்தமான அணி.