குரலைக் கேட்டால் ஊர் தெரியும்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



குருவியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரியுங்கோ, பரவாயில்லை.

எங்கள் கிங்ஸ்பரிக்குப் பக்கத்தில் வெல்ஷ் ஹாப் என்ற குளம் இருக்கிறது. கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க 1835 இல் கட்டி முடித்தார்கள். அப்போது அதன் பெயர் கிங்ஸ்பரி நீர்த்தேக்கம். வேலை முடிந்து நான் அந்தக் கரையால்தான் நடந்து வருவேன்.

அப்படியான நீர்க்கரைப் பற்றைகளில் குளிர்காலத்தில் சிஃப்சாஃப் என்ற சின்னக் குருவி பூச்சி பிடிக்கும். எடை எட்டுக் கிராம் அளவில்தான் இருக்கும். இந்த இனத்தில் சைபீரியாவைச் சேர்ந்த ஓர் உப இனம் உண்டு. அதில் பெரும்பாலானவை குளிருக்கு வட இந்தியா, இமயமலை அடிவாரப் பக்கம் போகின்றன. கொஞ்சம் மட்டும் பிரித்தானியாவுக்கு வருகின்றன. கல்கத்தா அருங்காட்சியகத்தில் வேலை செய்த எட்வேர்ட் பிளைத் 1843 இல் அதற்கு 'டிறிஸ்டிஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'துயரமானது' என்று அர்த்தம்.

எப்படி இனங்காண்பது? சாதாரணக் குருவியின் முதுகு பச்சை கலந்த மண்ணிறம். கண்ணுக்கு மேலும் நெஞ்சிலும் மஞ்சள் ஓடும். சைபீரியக் குருவியின் முகத்திலும் நெஞ்சிலும் அந்த மஞ்சள் இல்லை. மேலே சாம்பல் மண்ணிறம், கீழே மங்கிய வெள்ளை, காலும் சொண்டும் கரிக்கறுப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஸ்கன்டிநேவியாவிலிருந்து வருபவையும் சாம்பல் நிறமாகத் தெரியும். மார்கழி வெளிச்சமும் ஏமாற்றும்.

வாய் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். சாதாரணக் குருவி கேள்வி கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தி "ஹுயீற்" என்னும். சைபீரியக் குருவி தாயைத் தவறவிட்ட கோழிக்குஞ்சு போல, ஏற்ற இறக்கமில்லாமல் "பீப்" என்னும். நாங்களும் ஓராள் இரண்டு வார்த்தை கதைத்தால்தானே யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ என்று பிடிக்கிறோம்!

போன தை மாதம் மண்ணிறக் குருவி ஒன்றைக் கண்டேன். சைபீரியாதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அரை மணித்தியாலம் விறைத்துக்கொண்டு நின்றபின் அது "ஹுயீற்" என்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் சோதனைச் சாவடியில் முகத்தைப் பார்த்தே எங்களை இன்னார் என்று தீர்மானித்தார்கள். அந்த வேலையைத்தானே நானும் குருவிக்குச் செய்தேன்!

பிள்ளைகளை ஒருநாள் குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பேர் சொல்ல முதல் காது கொடுக்கப் பழகட்டும்.