லயத்துக் கூரையைப் புதுப்பித்தல்

தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் நெல்லியாம்பதியிலும் தேயிலைச் செடிகளினூடே வரிசையாக நிற்கும் லயங்களை அறியாத தமிழர் நம்மிற் சிலரே. கங்காணிமாரோடு மலையேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அவற்றில் வாழ்கின்றனர். தொழிலாளருக்கு உறைவிடம் அளிப்பதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கிற்று. அவ்வுறைவிடங்களுக்குக் கூரை பெரும்பாலும் தகரம். இல்லையேல் ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் வழங்கும் கல்நார்ச் சிமெண்டுத் தகடு. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு வட்டாரத்துப் பழைய கொட்டகைகளிலும் இவற்றைக் காணலாம்.

ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை இறங்குமுன் பழையதைப் பிரித்துப் புதியதை ஏற்றிவிட வேண்டும். இந்த அவசரமே உயிருக்கு உலையாக முடிகிறது.

கல்நார்த் தகட்டின் கனம் சுமார் ஆறு மில்லிமீட்டர். ஆண்டுக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டுப் பாசி படர்ந்தபின், பார்வைக்குக் கல் போல் இருக்கும். காலை வைத்தால் அப்பளம் போல் நொறுங்கும். மரை ஆணி வரிசையின் மேல், அடியில் சட்டம் இருக்கிறதென்று நம்பி நடப்பவர் பலர். ஓரடி தவறினால் அந்தச் சட்டம் துணைக்கு வாராது. வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடியிழைத் தகடு இன்னும் மோசம். வர்ணம் பூசிவிட்டால் அது எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

ஆதலால் கூரையின் மேல் ஏறாமலே வேலை செய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். உள்ளே சாரம் கட்டி, அதன்மேல் நின்று தகடுகளைக் கழற்றுவதே சிறந்தது. ஏறித்தான் தீரவேண்டுமெனில், முகட்டில் கொக்கி மாட்டிய, குறுக்குக் கட்டைகள் அறைந்த நடைபலகை வேண்டும். சாய்ந்த கூரை வேலைக்கு இத்தகைய பலகையைக் கட்டிடத் தொழிலாளருக்கான 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகளே எடுத்துக் கூறின. இடுப்புக் கயிற்றைத் தகட்டில் கட்டுவது கட்டாததற்குச் சமம். உறுதியான உத்தரத்தில் கட்டுக. முகட்டிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பிரிக்க வேண்டும். மேல் தகடு கீழ்த் தகட்டின்மீது ஏறியிருக்குமன்றோ! துருவேறிய ஆணியைச் சுத்தியலால் அடித்தால் தகடு உடையும். ஆணியை வெட்டி எடுப்பதே முறை. பலகைக்கும் கயிற்றுக்கும் ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கும் ஒப்பந்தக்காரரைக் கண்டால் எனக்குச் சினமே வருகிறது.

சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரிற் பதித்த தகரத்தை ஒருவராகக் கழற்றலாகாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதைப் பட்டமாக்கிவிடும், விளிம்போ கத்தி.

இரண்டாவது அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. தகடு உடைந்தாலும், இயந்திர வாளால் அறுத்தாலும் நுண்ணிய கல்நார் இழைகள் பறந்து நுரையீரலில் தங்குகின்றன. அவற்றால் வரும் புற்றுநோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையிற் சேர்ந்த நாள்முதல் குறைந்தது நாற்பது ஆண்டுகள் காக்கவேண்டும் என்று பணித்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும். கைக்குட்டை இவ்விழைகளைத் தடுக்காது. நுண்தூசி தடுக்கும் முகமூடி, முகத்தோடு நன்கு பொருந்தியதாய் வேண்டும். தகட்டை முழுதாகக் கழற்றி, கைத்தெளிப்பானால் இலேசாக ஈரமாக்கிக் கையாளுக. ஈரத் தகடு வழுக்கும் என்பதை மறவாதீர். சாரத்தில் நின்று தெளியுங்கள்.

லயத்தில் ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள். ஒரு வீட்டைப் பிரிக்கையில் அடுத்த வீட்டு அடுக்களையிலும் தூசி இறங்கும். எனவே அண்டை வீட்டாருக்கும் முன்னறிவித்து, குழந்தைகளை அப்புறப்படுத்தி, சோற்றுப் பானை, தண்ணீர்க் குடங்களை வெளியே எடுத்தபின்னரே ஆணியில் கை வைக்க வேண்டும்.

உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கென்றும், சேற்றுப் பாதையில் பரப்பவென்றும் எடுத்துச் செல்வது எங்கும் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். நனைத்து, கனமான பிளாஸ்டிக் தாளிற் சுற்றி, பிற குப்பையோடு கலவாமல் ஒப்பந்தக்காரர் வசமே ஒப்படையுங்கள். வேலைத்தலத்தைத் துடைப்பத்தால் உலரப் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். வேலைக்கு உடுத்திய துணியை உதறாமல் அங்கேயே நனைத்து அலசி, குளித்தபின் வீடு செல்லுங்கள்.